எப்போது தட்டுகிறது?



"இன்ஜின்ல ஏதோ தட்டுதுங்க" என்று பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், தேர்ந்த மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். "எப்போ தட்டுது? காலையில ஸ்டார்ட் பண்றப்பவா, மேடு ஏறுறப்பவா, வண்டி சூடான பிறகா?" என்று கேட்பார். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

நான்கு சிலிண்டர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைப்பாதை. கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தால், சில்லறையைக் குலுக்குவதுபோல் கிணுகிணுவென்று ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுதும் பரவுவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடிக்கிற சத்தம் இது. கியரைக் குறைத்தால் அப்போதைக்கு அடங்கும். ஆனால் இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறதா, ஹெட்டில் கார்பன் படிந்திருக்கிறதா, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்த்தாக வேண்டும். விட்டுவைத்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடலாம்.

வால்வ் கவர் பக்கம் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் வால்வைத் திறக்கும் டேப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வ் ஒருமுறை திறக்கும். அதனால் இந்தத் தாளம் இன்ஜின் வேகத்தில் பாதியாகவே இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து அந்த இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் தட்டி, சூடானதும் மறைகிறது என்றால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

பயப்பட வேண்டியது, இன்ஜினின் அடிப்பக்கத்திலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்'. சூட்டில் ஆயில் இளகியதும் இது கூடும். கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் போயிருக்கலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து மெக்கானிக் இடத்தைத் தேடுவார். அடுத்து, இன்ஜின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார். எந்த சிலிண்டரை நிறுத்தினால் தட்டல் தணிகிறதோ, கோளாறு அங்கேதான். ஷாக் அடிக்கும், பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

உங்கள் பங்குக்கு, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஓட்டத்தில் தட்டலும் கேட்டு, ஆயில் லைட்டும் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "ஒர்க்‌ஷாப் பக்கம்தானே" என்று ஓட்டினால் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துவிடலாம். கயிறு கட்டி இழுத்துப்போவது எவ்வளவோ மலிவு.