வம்சாவளியில் விடுபட்டவர்கள்



நான் முட்டத்துக்காரன். வெள்ளைக்காரன்னா கப்பலில் வந்து கப்பலில் போனவன் என்றே நினைத்திருந்தேன். சார்லஸ் மீடின் குடும்ப வரலாற்றைத் தேடிப் படித்ததும் அந்த எண்ணம் போச்சு.

1792-இல் இங்கிலாந்தில் பிறந்த மிஷனரி மீடு, 1818-இல் நாகர்கோவில் வந்தார். அதற்கு முன்பே முதல் மனைவி பினாங்கில் இறந்துவிட்டார். அடுத்து மணந்த ஜோகன்னா, தஞ்சாவூர் மிஷனரியின் மகள். அவரும் மறைந்த பின் மீடு மணந்தது, ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண் லோயிசை. உடனிருந்த மிஷனரிகளே எதிர்த்தார்கள். மிஷன் வேலையை விட்டார், மனைவியை விடவில்லை. திருவிதாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்து, 1873-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

எங்க வீட்டு வம்சாவளியில் ஒரு பாட்டி பெயர்கூட இல்லை. அம்மாவிடம் கேட்டு இப்போதான் எழுதறேன். நீங்களும் கேளுங்க, சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்க.