ஊர் எது என்று கேட்டவர்கள்

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ் பாலாவிச் சந்தியில் திரும்பியதும், உப்பளங்களும் களப்பும் கூடவே வரத் தொடங்கும். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போகும் சிங்களக் குடும்பம் இருக்கும். ஆலங்குடாவில் இறங்குகிற முஸ்லிம் தாய் இருப்பார். வெங்காயத் தோட்டக்காரரும் மீன்வாடிக்குத் திரும்புகிற மீனவரும் நின்றுகொண்டே வருவார்கள். ஒரே பாதை, ஒரே வெயில். வருடக்கணக்காக ஒருவரையொருவர் பார்த்து வருகிறோம்; ஆகவே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். பார்த்துப் பழகியது வேறு, கேட்டு அறிந்தது வேறு. மனிதக் கூட்டங்களை அவரவர் இடத்துக்கே போய்க் கேட்டு அறிகிற படிப்பைத்தான் மானிடவியல் என்கிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மானிடவியல் என்றதும் வெள்ளைக்காரர் தூர தேசத்துக் காட்டுக்குள் போய்ச் செய்த வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். நமது கரையில் அதைத் தொடங்கியவர் கற்பிட்டியில் பிறந்தவர். 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் 'சிலோன் கெசட்டியர்' என்ற ஆங்கில நூல் 1834இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. 1837இல் பரவர் குலத்தின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்த 'தமிழ் புளூராக்' 1859இல் வந்தது. தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் பற்றி அவர் எழுதி வைத்த நூல் அச்சேறியதோ அவர் மறைந்து எழுபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1934இல்.

அவரிடம் நான் மதிப்பது அவருடைய படிப்பை மட்டுமல்ல. கரையோரக் குலங்களைப் பற்றி வெளியூர் அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மக்களுக்கு நடுவே வளர்ந்த ஒருவர் பேனாவை எடுத்தார். அது சிறிய காரியமில்லை.

அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, 1344இல், மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா நமது கரையில் இறங்கி, யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, கண்டதை எழுதி வைத்தார். அவர் குறிப்பிடும் பட்டாளா என்ற பட்டினம் புத்தளமே என்பது பல அறிஞர்களின் கருத்து. வழிப்போக்கர் ஒருவர் எழுதி வைத்ததால்தான் அந்த நாளைய கரை நமக்கு இன்னும் தெரிகிறது.

ஆனால் எல்லா எழுத்தும் நன்மை செய்யவில்லை. பிரித்தானியர் 1871இல் குடிசன மதிப்பீட்டைத் தொடங்கினார்கள். ஆட்களை எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொருவரையும் ஒரு பிரிவுக்குள் அடைக்க வேண்டும். சிலாபத்துக் கரையில் தமிழில் செபம் சொல்லி, சிங்களத்தில் மீன் விலை பேசிய மனிதரை எந்தப் பிரிவில் போடுவது? ஒன்றில் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட இடம் நாளடைவில் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பின்வந்த தலைமுறைகளின் பிள்ளைகள் பலர் சிங்கள மொழிமூலம் படித்தார்கள். பாட்டியின் தமிழ் வீட்டு அடுப்படியோடு நின்றது.

அந்தத் தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா', 'எயா யனவா' என்பார்கள். நான் போனாலும் அவள் போனாலும் வினைச்சொல் ஒன்றுதான். நமது தமிழிலோ 'போறன்', 'போறாள்' என்று முடிவு மாறும். அயலிலுள்ள நீர்கொழும்பு மீனவர் தமிழில் அந்த மாற்றம் மறைந்துவிட்டதை மொழியியலாளர் ஸ்டீவன் போண்டா ஆராய்ந்து எழுதினார். இதைக் கேட்கிற நாம் "கொச்சைத் தமிழ்" என்று முகம் சுளிக்கிறோம். ஆய்வாளருக்கோ அது இரு மொழிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே வள்ளத்தில் தொழில் செய்ததற்கான சான்று. ஒரே பேச்சு, இரண்டு செவிகள். எந்தச் செவி நேர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, இந்தக் கரையின் ஆறாத காயத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும். தென்னோலைக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது. அரசாங்கத்தின் ஏட்டில் அவர்கள் "இடம்பெயர்ந்தோர்". அயலவர் வாயில் "அகதி". நோர்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கத்ரின் புருன் பல காலம் இங்கே தங்கி, வந்தவர்களிடமும் முன்பே இருந்தவர்களிடமும் பேசி, 2008இல் நூல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட மானிடவியலாளர் சாரிகா திரணகம 2011இல் எழுதிய நூலில் நமது ஒரு சிறிய சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'ஊர்' என்ற சொல். விட்டு வந்த தாய் தகப்பனுக்கு ஊர் எது? கொட்டிலில் பிறந்து, புத்தளத்துப் பாடசாலையில் படித்து, இங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைக்கு ஊர் எது?

அகதிகள் எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்த எந்த உத்தியோகத்தரின் படிவத்திலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனால் வீடு கட்டிக் கொடுப்பதா, திரும்பிப் போக உதவுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அருகே அமர்ந்து கேட்காமல் செய்த உதவி, உள்ளூர் ஏழைக்கும் வந்த ஏழைக்கும் நடுவே மனத்தாங்கலை வளர்த்ததை இந்தக் கரை பார்த்திருக்கிறது.

இன்னும் கேட்கப்படாதவை எத்தனையோ. சிராம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் மாஞ்சா என்ற பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் இன்றும் உண்டு. ஆனால் இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கினால், இழுப்புக்கு ஏற்ற தாளம் யாருக்கு வேண்டும்?

வெளியூர் ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். கற்பிட்டிக்காரர் ஒருவர் 1834இல் செய்த வேலையை இன்று ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் தொடரலாம். வலைகளின் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், வாடிக்குப் போன வழிகள், விட்டு வந்த வீட்டின் முற்றத்தில் நின்ற மரம், இவற்றை உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேளுங்கள். பிறகு வேறு மதமும் வேறு மொழியும் உள்ள அயல்வீட்டு மூத்தவரிடமும், அவர் சம்மதத்தோடு, அதையே கேளுங்கள். அவர் சொன்ன சொல்லைத் திருத்தாமல், திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.