சந்திரகாந்தா என்னும் பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காசியில் வாழ்ந்த தேவகீ நந்தன் கத்ரி 1888-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தி நாவல் 'சந்திரகாந்தா'. மாறுவேடத்தில் வல்ல 'ஐயார்' என்னும் ஒற்றர்களும், புகுந்தோர் மீள வழியறியாத 'திலிஸ்ம்' என்னும் மாய அரணும் நிறைந்த கதை அது. இத்தனை அற்புதங்கள் இருந்தும் ஆசிரியர் அவற்றுள் ஒன்றையேனும் தலைப்பாக்கவில்லை. விஜயகட் இளவரசியின் பெயரையே சூட்டினார். ஏன்?

'காந்தா' என்றால் காதலி. சந்திரனுக்கு உவந்தவள் சந்திரகாந்தா. சந்திரகாந்தக் கல்லை நாமும் அறிவோம். நிலவொளி பட்டதும் அக்கல் கசிந்து நீர் சொரியும் என்பது கவிமரபு. நாவலின் போக்கும் அதுவே அன்றோ? மாய அரணில் சிக்குண்டவளை நாடி நௌகட் இளவரசன் வீரேந்திரசிங் வருகின்றான். அவன் அன்பின்முன் கல்லும் வழிவிடுகின்றது.

'மாயக்கோட்டை' என்று பெயரிட்டிருப்பின் நமக்கு வியப்பு மட்டுமே தோன்றும். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டதும், "அவள் யார்? அவளுக்கு என்ன நேர்ந்தது?" என்ற கவலை பிறக்கின்றது. அக்கவலையே படிப்பவரை இழுத்துச் செல்வது. உருது மட்டுமே அறிந்த எத்தனையோ பேர் இக்கதைக்காகவே இந்தி கற்றனர் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் இராமச்சந்திர சுக்லர் எழுதியுள்ளார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தனாகிய நானும் அவ்வாறு கற்றவனே. இக்கதையில் வரும் சுனார், அதுவரை எனக்குப் பயணச்சீட்டில் அச்சாகும் ஊர்ப்பெயர் மட்டுமே. இன்று அவ்வூரைக் கடக்கும்போதெல்லாம் கோட்டை எங்கே என்று கண் தேடுகின்றது.

அன்பர்களே! இங்குப் பிறந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். தமிழெழுத்தைக் கண்டாலோ ஒதுங்குகின்றனர். என் மகளும் அவர்களுள் ஒருத்தி. இலக்கணத்தையும் மனப்பாடச் செய்யுளையும் முதலில் நீட்டி அவளை அஞ்சவைத்தவன் நானே. இனி அது வேண்டா. "யார் இவர்?" என்று கேட்கத் தூண்டும் பெயர்கொண்ட கதை நூல்களை நம் நூலகத்தின் முன்வரிசையில் வைப்போம். இரவில் கதையைப் பாதிவரை சொல்லுவோம். "மீதி இந்நூலில் உள்ளது" என்று கையில் கொடுப்போம். அயல்மொழியின் கதவை எனக்குத் திறந்தது ஒரு பெயர். தாய்மொழியின் கதவை நம் மக்களுக்குத் திறக்க ஒரு பெயர் கிடைக்காமலா போகும்?