முதல் சந்திப்பில் நாம் கேட்கும் கேள்விகள்

(வன்கொடுமை வழக்குகளை நடத்தும் இளம் வழக்குரைஞர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைக் காலையில் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை நம்பி நம் அலுவலகப் படியேறி வருபவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். 'ட்ராமா' என்று சொன்னால் நம் ஊரில் நாடகம் என்று நினைப்பார்கள். காவல் நிலையத்தில் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே மனக்காயம் என்றே சொல்வோம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சொல், எந்த இடம், யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் புகாரில் இருக்க வேண்டும். வெளியார் யாருமில்லாமல் நான்கு சுவருக்குள் பேசியது 3(1)(ஆர்) பிரிவில் வராது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே அந்தச் சொல் நமக்குத் தேவைதான். அதை எப்படிக் கேட்கிறோம்? குமாஸ்தா, ஜூனியர்கள், வேறு கட்சிக்காரர்கள் எல்லாரும் இருக்கும் அறையில், "என்னம்மா சொன்னான், அப்படியே சொல்லு" என்கிறோம். "அசிங்கமா பேசினான் சார்" என்று தலை குனிகிறார். "அசிங்கமான்னா?" என்று மறுபடியும் கேட்கிறோம். எந்தச் சொல்லால் அவரைத் தெருவில் நிறுத்தினார்களோ, அதே சொல்லை அவர் வாயாலேயே, மறுபடியும் நாலு பேர் முன்னால் சொல்ல வைக்கிறோம். கதவைச் சாத்துங்கள். சட்டத்துக்கு அந்தச் சொல் ஏன் வேண்டும் என்று முதலில் விளக்குங்கள். எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு தாளைக் கொடுங்கள். ஒருமுறை சொன்னதை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூனியர் மாறும்போதெல்லாம் மறுபடி கேட்காதீர்கள்.

"எந்த ஊரு, எந்தத் தெரு?" என்பது நமக்கு முகவரி. அவருக்கோ, வாடகைக்கு வீடு தேடிப்போன இடத்திலெல்லாம் சாதியை அறியக் கேட்கப்பட்ட கேள்வி. சாதிச் சான்றிதழ் கேட்கும்போதும் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். தேவாலயத்துக்குப் போகும் குடும்பமா என்பதையும் கேட்டாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கியர், பௌத்தர் என்பதோடு நிற்கிறது. குறுக்கு விசாரணையில் கழுத்துச் சிலுவையைக் காட்டிக் கேட்பார்கள். (அந்த ஆணையின் அநீதி தனிப் பேச்சு.) எதிர்த்தரப்பு கேட்கும் முன் நாம் கேட்கலாம், எதிர்த்தரப்பின் குரலில் கேட்கக் கூடாது.

அதிர்ச்சிக்குள்ளானவர் நடந்ததை வரிசையாகச் சொல்லமாட்டார். அடித்த கட்டையின் நிறம் நினைவிருக்கும், மணி நினைவிருக்காது. சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொல்றியே" என்று நாமே அதட்டினால், அடுத்த முறை நமக்குப் பிடித்ததைச் சொல்வார். வழக்கு அங்கேயே கெட்டுவிடும். அவர் தொடங்கும் இடத்திலிருந்தே தொடங்கட்டும். தேதியை அப்புறம் கோயில் திருவிழா, நூறு நாள் வேலைக் கூலி வந்த நாள் என்று வைத்துக் கண்டுபிடிக்கலாம். புகார் ஏன் தாமதம் என்பதற்கும் இப்படித்தான். "புகார் கொடுத்தா என்ன ஆகும்னு பயந்தீங்க?" என்று கேளுங்கள். நடக்கும் பாதையும் கூலி வேலையும் யார் கையில் இருக்கின்றன என்பது வெளியே வரும். அதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

சாட்சி பிறழ்ந்தால் உடனே "விலை போய்விட்டார்" என்கிறோம். அவர் திரும்பிப் போக வேண்டிய தெரு எது என்று கேட்பதில்லை. கோகுல்ராஜ் வழக்கிலும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். தாயார் விடாமல் போராடியதில் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். விசாரணை நடக்கும் ஊரை மாற்றுவதும் சாட்சிக்குத் தரும் பாதுகாப்புதான்.

2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவை நம்மில் பலர் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது அது. இது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அரசுத் தரப்பு சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். எதிரி பிணையில் வந்த செய்தியை, ஊர்த்தெருவில் வெடிக்கும் வெடியைக் கேட்டு ஒரு குடும்பம் தெரிந்துகொள்ளும் நிலை இன்னும் இருக்கிறது. உத்தரவு வந்த அன்று மாலையே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அன்றிரவு எங்கே தங்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.