மின்டன் களத்தில் நின்ற பிரபு



1759ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள். ஜேர்மனியிலுள்ள மின்டன் நகருக்கு வெளியே ஆங்கில, ஹனோவர்க் காலாட்படைகள் பிரான்சியக் குதிரைப் படையையே சிதறடித்துவிட்டன. நிலைகுலைந்த பகைவரைத் தாக்கவேண்டிய ஆங்கிலக் குதிரைப் படையோ அசையவில்லை.

அதன் தலைவர் ஜோர்ஜ் சாக்வில் பிரபு, டோர்செற் கோமகனின் மைந்தர், பாராளுமன்ற உறுப்பினர். சேனாதிபதி பெர்டினன்ட் இளவரசரின் கட்டளையைத் தூதர் இருவர் கொணர்ந்தனர். குதிரைப் படை முழுவதும் முன்னேறுக என்றார் ஒருவர். ஆங்கிலப் படை மட்டும் என்றார் மற்றவர். எது சரியெனக் கேட்க இளவரசரிடமே சென்றார் சாக்வில். பொழுது கழிந்தது.

கோழை என்றது ஊர். 1745இல் பொன்ரனோய்ப் போரிற் காயமுற்ற ஒருவருக்கு அச்சொல் பொருந்துமா என்பது என் ஐயம். ஆயினும், இரண்டாம் வரிசையிலிருந்து முன்னேற முற்பட்ட கிரான்பி பிரபுவையும் அவர் தடுத்து நிறுத்தினாரே. அதற்கு என்ன சொல்வது?

விசாரணையைத் தாமே வேண்டிப் பெற்றார். எத்தகைய இராணுவப் பணிக்கும் தகுதியற்றவரென 1760இல் இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைப் படைகள் யாவற்றுக்கும் அறிவிக்குமாறு இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் பணித்தார்.

மன்னர் அவ்வாண்டே இறந்தார். 1770இல் சொத்துரிமையின் பொருட்டு ஜேர்மெயின் எனப் பெயர் மாற்றிக்கொண்ட சாக்வில், 1775இல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சரானார். படையில் இருக்கவே தகாதவர், கடல் கடந்த போரை லண்டனிலிருந்து நடத்தினார்! 1777இல் பேர்கொயின் கனடாவிலிருந்து தெற்கே வருவதற்கும், ஹவ் பிலடெல்பியா செல்வதற்கும் அவரே இசைந்தார். துணையின்றித் தவித்த பேர்கொயின் சரட்டோகாவிற் சரணடைந்தார். ஒவ்வாத இரு கட்டளைகளுக்கிடையே அன்று மின்டனில் நின்றவரல்லவா இவர்?

1782இல் பதவி நீங்கி, புதிய பட்டத்துடன் பிரபுக்கள் சபை புகுந்தார். அங்கும் உறுப்பினர் சிலர் அப்பழைய தீர்ப்பையே எடுத்துக்காட்டி அவர் வருகையை எதிர்த்தனர்.