எல்லைக்கோட்டின் இருபுறம்: ஒப்பீட்டு அரசியலும் இளம் ஆய்வாளரும்

நாடுகளின் ஆட்சிமுறை, தேர்தல், கட்சிகள் ஆகியவற்றை அருகருகே வைத்து நோக்கி, ஓரிடத்தில் நிகழ்ந்தது வேறோரிடத்தில் ஏன் நிகழவில்லை என்று காரணம் தேடும் துறையே ஒப்பீட்டு அரசியல். முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் உதவிப் பேராசிரியராகச் சேரும் இளம் ஆய்வாளர், ஓரிரு நாடுகளையே ஆழ்ந்து கற்றவராயினும், தொடக்கநிலை வகுப்பில் பிரிட்டன், சீனா, நைஜீரியா, இந்தியா என்று பல நாடுகளைப் பற்றியும் பாடம் நடத்த வேண்டியவராகிறார்.

நாடுகளை வரிசையாக ஒப்புவிக்கும் வகுப்பில் தகவல் பெருகுமேயன்றி ஒப்பீடு பிறக்காது. அதற்குக் கேள்வி ஒன்று வேண்டும். டேனியல் போஸ்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. ஆப்பிரிக்காவில் மலாவிக்கும் ஜாம்பியாவுக்கும் இடையே காலனியாட்சியினர் நிர்வாக வசதிக்காக இழுத்த எல்லைக்கோட்டின் இருபுறத்திலும் செவா, தும்புகா என்னும் இரு இனத்தவரும் வாழ்கின்றனர். கோட்டைக் கடந்தாலும் அந்தந்த இனத்தின் மொழியும் வழக்கமும் மாறுவதில்லை. எனினும் எல்லையோரச் சிற்றூர்கள் நான்கில், மற்ற இனத்தவரை மணக்க இசைவீரா, அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றால் வாக்களிப்பீரா என்று கேட்டபோது, மறுத்தவர்கள் ஜாம்பியப் பக்கத்தைவிட மலாவிப் பக்கத்தில் மிகுதியாக இருந்தனர். பண்பாட்டு வேற்றுமையே பகைக்குக் காரணமெனில், பகை இருபுறமும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். மலாவியில் இவ்விரு இனங்களும் ஆட்சிக்குப் போட்டியிடும் கட்சிகளுக்கு அடித்தளமாகும் அளவுக்குப் பெரியவை. ஜாம்பியாவிலோ தனித்து நின்று பயன்பெற முடியாத அளவுக்குச் சிறியவையாதலால், கிழக்கு மாகாணத்தார் என்று ஒன்றாகத் திரண்டன என்பது போஸ்னரின் விளக்கம்.

ஏனைய யாவும் ஒத்திருக்க, வேறுபடும் ஒன்றில் காரணத்தைத் தேடும் இம்முறையை வேற்றுமை முறை என்பர். 1843-இல் இதை வகுத்துரைத்த ஜான் ஸ்டூவர்ட் மில், சமூக நிகழ்ச்சிகளுக்கு இது பொருந்தாது என்றே கருதினார். அந்த ஐயத்தையும் மாணவர் முன் வைப்பதே நேர்மையான கற்பித்தல்.

இத்தகைய ஆய்வுக்கு மொழிப்பயிற்சியும் களத்தில் தங்கிப் பழகும் காலமும் தேவை. ஆயினும் அமெரிக்காவில் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீடு பெரும்பாலும் ஆறாம் ஆண்டுவாக்கில் வந்துவிடுவதால், விரைவில் கட்டுரையாகக்கூடிய தரவுகளையே நாடும் நெருக்கடி இளம் ஆய்வாளருக்கு நேர்கிறது. தொடக்க ஆண்டுகளில் அவர்களின் பாடச்சுமையைக் குறைத்து, களஆய்வுக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.