வெளிறிப்போன கொக்கு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றிக் கதைப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் அதைத் தொடங்கினால் பின்வரிசையில் இருக்கும் என் வகுப்பு ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே நான் பழுதாக்கிய படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கமரா வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஞாயிறு ஓய்வு கிடைத்தால் சரசாலைக் குருவிக்காட்டுக்குப் போவேன். போன மாசியில் ஒருநாள் விடியுமுன்பே போய் நின்றேன். இருட்டு என்பதால் ஐ.எஸ்.ஓ. அளவை 3200 இல் வைத்தேன். எட்டரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது. அளவை இறக்க மறந்துபோனேன். அந்த நேரம் பார்த்துக் கண்டல் மரங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கொக்கு இரண்டு இறக்கையையும் விரித்து இறங்கியது. விடாமல் அமத்தினேன். கமராவின் மூலையில் 4000 என்ற எண் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு செக்கனின் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் அதன் ஆகக்கூடிய வேகம். அதற்கு மேல் என்னால் முடியாது, வெளிச்சத்தைக் குறை என்று அது கெஞ்சியிருக்கிறது. நான் கொக்கைப் பார்த்தேனே தவிர எண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் கணினியில் திறந்தால், கொக்கின் உருவத்தில் வெட்டி ஒட்டிய வெள்ளைக் கடதாசிதான் இருந்தது. இறகு இல்லை, மடிப்பு இல்லை, நிழல் இல்லை.

மறதி ஒரு காரணம். மறக்காத நாட்களிலும் இது நடக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. கமராவின் ஒளிமானி தன் முன்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். படத்தின் பெரும்பகுதி கரும்பச்சைக் கண்டலாக இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக்கொக்கு எரிந்துபோகும். அந்த இடத்தில் நாங்கள்தான் ஒளியீட்டுத் திருத்தத்தை ஒரு படி குறைக்க வேண்டும். ஒரு படி என்றால் வெளிச்சத்தில் பாதி. கொக்குக் கூட்டமே படத்தை நிறைத்து நின்றால் கதை மாறும். அப்போது கமரா எல்லா வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும். கொஞ்சம் கூட்ட வேண்டும்.

நாங்கள் மருத்துவம் படித்த காலத்தில் எக்ஸ்றே ஃபிலிமில்தான் வந்தது. அங்கே எல்லாம் தலைகீழ். கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும். கறுத்த ஃபிலிமைப் பிரகாசமான பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்ப்போம். சிலவேளை நுரையீரலின் கோடுகள் மெல்லத் தெரியும். சிலவேளை ஒன்றுமே தெரியாது. தெரியாவிட்டால் நோயாளியைத் திரும்ப அனுப்பி இன்னொன்று எடுக்கச் சொல்லலாம். கொக்கைத் திரும்பக் கூப்பிட முடியாது.

வெளிறிய படத்துக்கும் அப்படி ஒரு பல்பு உண்டு. ஆனால் அதற்குக் கமரா 'ரோ' கோப்பாகச் சேமித்திருக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரோ கோப்பில் 16,384. டார்க்டேபிள், ரோதெரபி இரண்டும் இலவச மென்பொருள்கள். (இரண்டாவதன் பெயரிலேயே வைத்தியம் இருப்பதால் நான் அதைத் தேர்ந்தேன், வேறு காரணம் இல்லை.) முதலில் மொத்த ஒளியை ஒரு படி, ஒன்றரைப் படி இறக்குங்கள். பிறகு மிகப் பிரகாசமான பகுதிகளை மட்டும் இறக்குங்கள். இறகின் கோடுகள் எழுந்து வந்தால் படத்தில் உயிர் இருக்கிறது. வெள்ளை வெறும் சாம்பலாகி, சுவருக்குப் பூசியதுபோல் மட்டமாகக் கிடந்தால் அங்கே பதிவு எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள். பின்னணி வானம் அப்படிப் போனால் நான் கவலைப்படுவதில்லை. பறவை போனால்தான் படம் போகிறது.

மன்னார் வங்காலையில் பூநாரைகளை எடுத்தபோது இன்னொரு விதமாக ஏமாந்தேன். ஒளியைக் காட்டும் வரைபடம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் இறக்கையின் சிவப்பு ஒரே அப்பலாக வந்தது. மற்ற நிறங்களுக்கு இடம் மிச்சம் இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தை இப்போது பார்க்கிறேன்.

சரசாலைக் கொக்குக்கு வருவோம். மலர்க்குழுத் தோழி ஒரு பறவைப் படம் கேட்டாள். அந்த விரிந்த இறக்கையைக் கொடுக்க எனக்கு ஆசை. ரோதெரபியில் எவ்வளவு இறக்கியும் சாம்பல்தான் வந்தது. மகன் தன் போனில் ஒரு செயலியில் போட்டு, "இந்தாங்கோ அம்மா" என்று நீட்டினான். இறகுக்கு இறகு எண்ணலாம். அப்படி ஓர் அழகு.

பெரிய வெள்ளைக்கொக்கையும் நடுத்தர வெள்ளைக்கொக்கையும் தூரத்தில் பிரித்தறிவது கஷ்டம். அலகின் அடியிலிருந்து போகும் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது; கண்ணுக்குக் கீழே நின்றால் நடுத்தரம். என் படத்தில் முகமும் எரிந்துபோனதால் அந்தக் கோடு இல்லை. செயலியின் படத்தில் கோடு கண்ணுக்குக் கீழே நின்றது. இன்னொருமுறை செய்யச் சொன்னேன். கோடு கண்ணைத் தாண்டி ஓடியது.

எங்கள் விலங்கியல் ரீச்சர் ஆய்வுகூடத்தில் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். நுணுக்குக்காட்டியில் தெரியாத ஒன்றைப் புத்தகத்தில் பார்த்து வரைந்திருந்தால், "இது எங்கே இருக்கிறது, காட்டு பிள்ளை" என்பார். காட்ட முடியாமல் நான் அழிறப்பரைத் தேடியது உண்டு. இன்றைக்கும் வார்டில் எக்ஸ்றேயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் குரல் கேட்கும். படத்தில் இல்லாத நிழலை நான் எழுதிவிட்டால் மருந்து குடிப்பது இன்னொருவர்.

செயலியின் படத்தை நான் கொடுக்கவில்லை. மகனுக்கு இன்னும் கோபம்.

உங்களுக்குக் கிடைக்கும் மலரில் இருப்பது அதே குளத்தில் இரண்டு கிழமை கழித்து, ஒரு படி குறைத்து எடுத்த படம். கொக்கு இறக்கையை விரிக்கவில்லை. பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். மேடைக்கு ஏறுமுன் அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"கோடு கண்ணைத் தாண்டிப் போகுது. பெரிய வெள்ளைக்கொக்கு," என்றார்.